அவனா, அதுவா?

உலகத்தில் மிக அதிகமான பேர் படிக்காமலேயே கதை சொல்லக்கூடிய நாவல் எது என்று ஒரு போட்டி வைத்தால், பரிசு மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலுக்குத்தான் போகும். டாக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்ற கிறுக்கு விஞ்ஞானி மின்னலைப் பிடித்து ஒரு பிணத்துக்கு உயிர் கொடுக்கிறார், அந்த அரக்கன் கடைசியில் அவரையே கொன்றுவிடுகிறான் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள். சுருக்கமாக இருக்கிறது. விறுவிறுப்பாகவும் இருக்கிறது. ஒரே குறை, உண்மையாக இல்லை.

நாவலில் வருகிற விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் டாக்டர் அல்ல. ஜெனீவாவிலிருந்து ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன மாணவன். கிறுக்கனும் அல்ல, ஊண் உறக்கம் மறந்து ஒரு வேலையில் மூழ்கியவன். உயிர் வருகிற இடத்தில் மின்னல் கிடையாது. நவம்பர் மாத இரவு, ஜன்னலில் மழைத் தூறல், எரிந்து தீரப்போகும் ஒரு மெழுகுவர்த்தி. மேரி ஷெல்லி காட்டுவது இவ்வளவுதான். உயிர் கொடுக்கும் வித்தையை விக்டர் வேண்டுமென்றே சொல்லாமல் மறைக்கிறான். அது ஒரு பிணமும் அல்ல. பிரேதங்களை அறுத்துப் பாடம் நடத்தும் கூடத்திலும் கசாப்புக்கூடத்திலும் சேகரித்ததைக் கொண்டு எட்டடி உயரத்துக்கு உருவாக்கிய உடம்பு. விக்டரை யாரும் கொல்வதும் இல்லை. வடதுருவப் பனிக்கடலில், தன்னை ஏற்றிக்கொண்ட கப்பலில், உடல் தளர்ந்து சாகிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, ஃபிராங்கன்ஸ்டைன் என்பது படைத்தவனின் பெயர். படைக்கப்பட்டவனுக்கு நாவல் முழுவதிலும் பெயரே இல்லை.

இந்தத் தவறுகளுக்கெல்லாம் சினிமாவைக் குறை சொல்வது வழக்கம். 1931-ல் ஜேம்ஸ் வேல் இயக்கிய படத்தில் போரிஸ் கார்லாஃப் தட்டையான தலையும் கழுத்தில் இரும்பு முளையுமாக வந்து உறுமினார். உலகம் அந்த முகத்தை மறக்கவில்லை. ஆனால் சினிமா பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே காரியம் கெட்டுவிட்டது. நாவல் வந்து ஐந்தே வருடத்தில், 1823-ல், ரிச்சர்ட் பிரின்ஸ்லி பீக் என்பவர் அதை லண்டனில் நாடகமாக்கினார். விக்டருக்கு ஒரு கையாளைச் சேர்த்தவர் அவர்தான். படைக்கப்பட்டவனை ஊமையாக்கியவரும் அவரே. வேடிக்கை என்னவென்றால், நாடகத் துண்டுப்பிரசுரத்தில் அந்தப் பாத்திரத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுதான் போட்டிருந்தார்கள். நாடகத்தைப் பார்க்கப் போன மேரி ஷெல்லிக்கு அந்தக் கோடு மிகவும் பிடித்திருந்தது. பெயரில்லாதவனை அழைக்க அதைவிடச் சரியான வழி ஏது? ஊமையாக்கிய நாடகக்காரர்களுக்குக்கூட இந்த ஒரு விஷயத்தில் நேர்மை இருந்தது. அந்தக் கோட்டின் மேல்தான் பின்னால் வந்தவர்கள் படைத்தவனின் பெயரை எழுதினார்கள்.

புத்தகத்தின் பின்னட்டையில் நான்கு வரி எழுதிப் படிக்கத் தூண்டுகிற பழக்கத்துக்கு ஆங்கிலத்தில் 'பிளர்ப்' என்று பெயர். 1907-ல் கெலெட் பர்ஜஸ் என்ற அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் இந்தப் பழக்கத்தைக் கேலி செய்வதற்காகவே உண்டாக்கிய சொல் அது. கேலி மறைந்துவிட்டது, சொல் நின்றுவிட்டது. இப்போது சினிமாக்காரர்களைப் பின்பற்றி 'டீஸர்' என்கிறார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: முழுவதையும் சொல்லாமல், பொய்யும் சொல்லாமல், கையில் எடுக்க வைக்க வேண்டும். காதல் கதைக்கு இது சுலபம். விஞ்ஞானக் கதைக்குக் கஷ்டம். அங்கே ஒரு இயந்திரமோ ஒரு பிராணியோ முன்னால் வந்து நின்று கண்ணைப் பறித்துவிடும். கதை அதன் பின்னால் நின்றுகொண்டிருக்கும்.

சித்தூரில் ஒரு பள்ளி நூலகத்தைக் கவனித்துக்கொள்ளும் நண்பர் இந்தக் கஷ்டத்தை என்னிடம் கொண்டுவந்தார். விஞ்ஞான நாவல்களுக்கென்று ஒரு அலமாரி ஒதுக்கியிருந்தார். எல்லாம் ஆங்கிலப் புத்தகங்கள். பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதற்காக, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு அட்டை வைப்பது அவர் யோசனை. ஒரு பக்கம் தெலுங்கு, மறுபக்கம் தமிழ், பக்கத்துக்கு முப்பது சொல். தெலுங்குக்கு அவர் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். தமிழுக்கு நான்.

சித்தூரில் இரண்டு மொழியில் எழுதுவது ஆடம்பரம் அல்ல. 1911-ல் உருவானபோது இது சென்னை மாகாணத்து மாவட்டம். 1953-ல் ஆந்திர மாநிலத்தோடு போனது. 1960-ல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, சித்தூர் அங்கேயே இருந்தது. கோடு நகர்ந்ததே தவிர, நாக்குகள் நகரவில்லை. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்குமாகப் பேசும் பிள்ளைகள் இன்றும் அந்த நூலகத்துக்கு வருகிறார்கள். இரண்டு மொழியும் தெரிந்தவனிடம் பொய் சொல்வது கஷ்டம். அட்டையைத் திருப்பிப் பார்த்துவிடுவான்.

முதல் புத்தகம் 'ஃபிராங்கன்ஸ்டைன்'. முதல் தடை, அந்தப் பெயரில்லாதவனை எந்தச் சொல்லால் குறிப்பது என்பது.

தமிழில் சொற்களுக்குப் பஞ்சம் இல்லை. அரக்கன், பூதம், பேய், பிசாசு, ராட்சசன் என்று வரிசையாக வந்து நிற்கும். கஷ்டம் என்னவென்றால், ஒவ்வொரு சொல்லும் தன் குலத்தையும் கூட்டிக்கொண்டு வரும். அரக்கன் என்றால் அவனுக்கு ஒரு வம்சம் உண்டு, தவமும் வரமும் உண்டு. இவனுக்கு அப்பனே சொந்தம் கொண்டாடவில்லை, வம்சம் எங்கே? பேய் என்றால் செத்தவர் திரும்பி வருவது. இவன் செத்துத் திரும்பியவன் அல்ல, புதிதாகப் பிறந்தவன். பூதமோ புதையல் காக்கும், இட்ட வேலை செய்யும். சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் சதுக்கப் பூதம் ஒன்று இருந்தது. பொய்ச்சாட்சி சொல்கிறவர்களைப் பாசக்கயிற்றால் கட்டி அடித்துத் தின்றுவிடும். பின்னட்டை எழுதுகிறவர்களுக்குப் பயம் தரவேண்டிய பூதம்தான், ஆனால் இவன் அதுவும் அல்ல. ஆகவே இந்தச் சொற்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, 'உயிர்' என்ற எளிய சொல்லை வைத்துக்கொள்வது என்று தீர்மானமாயிற்று.

அடுத்த தடை பெரியது. ஆங்கிலத்தில் 'கிரியேச்சர்' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு வினைச்சொல்லில் தப்பித்துக்கொள்ளலாம். வந்தவன் ஆணா பெண்ணா, மனிதனா பொருளா என்று ஆங்கில வினை கேட்பதில்லை. தமிழ் வினை விடாது. வந்தானா, வந்ததா? பேசினானா, பேசியதா? ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

திணையைப் பற்றித் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் சூத்திரத்திலேயே பேசுகிறார். மக்கள் என்று சுட்டப்படுவது உயர்திணை, அப்படி அல்லாதது அஃறிணை. கையும் காலும் எத்தனை என்று அவர் எண்ணச் சொல்லவில்லை. சுட்டுகிறவனின் பொறுப்பில் விட்டிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பின்னால் வந்த நன்னூல் மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்த்தது. நரகத்தில் கிடப்பவருக்கும் உயர்திணை தந்த இலக்கணத்தில், பிளூட்டார்க்கையும் மில்டனையும் கதேயையும் படித்துவிட்டு வருகிற ஒருவனுக்கு இடம் இல்லையென்று எப்படிச் சொல்வது? ஆம், நாவலில் அவன் படிக்கிறான். காட்டில் தோல்பெட்டியோடு கண்டெடுத்த மூன்று புத்தகங்கள் அவன் பல்கலைக்கழகம். நாவலின் நடுப்பகுதி முழுவதும் அவனே தன் வாயால் சொல்கிற கதை. உறுமுகிற கார்லாஃபைப் பார்த்தவர்களுக்கு இது தெரியாது.

மேரி ஷெல்லியே இந்த இடத்தில் தடுமாறுவதைப் போல எழுதியிருப்பார். கண் திறந்து முதல் மூச்சு விடும்போது விக்டர் அதை அஃறிணையில் சொல்கிறான். அடுத்த பாராவிலேயே, கை கால்களின் அளவைப் பற்றியும் தான் தேர்ந்தெடுத்த முக அழகைப் பற்றியும் பேசும்போது, 'அவன்' வந்துவிடுகிறது. நாலு வரிக்குள் ஒரு பொருள் ஆளாகிவிடுகிறது. ஆளானதைக் கண்டதும் படைத்தவன் அறையை விட்டு ஓடுகிறான். நாவலின் மொத்த துக்கமும் அந்த இரண்டு பாராக்களுக்குள் இருக்கிறது.

தெலுங்கு ஆசிரியருக்குச் சிக்கல் வேறு விதமாக வந்தது. தெலுங்கில் ஒரு பெண் வந்தாலும் 'வச்சிந்தி', ஒரு பெட்டி வந்தாலும் 'வச்சிந்தி'. ஒருமையில் பெண்ணையும் பொருளையும் ஒரே வினைமுடிவில் வைத்திருக்கிறது அந்த மொழி. ஆணுக்குத்தான் தனி முடிவு. அதிலும் 'வாடு' என்றால் கொஞ்சம் இளப்பம், 'அதடு' என்றால் சற்று மரியாதை. நமக்கு 'அவன்' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் போதும். ஆசிரியர் வெகுநேரம் யோசித்து, மில்டன் படித்தவனை 'வாடு' என்று சொல்ல மனம் வரவில்லை என்றார்.

இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது தமிழின் ஒரு சௌகரியம் கண்ணில் பட்டது. 'குழந்தை அழுதது' என்கிறோம். 'குழந்தை கண்ணைத் திறந்து பார்த்தது' என்கிறோம். அஃறிணையில் சொல்கிறோமே என்று எந்தத் தாயும் வருத்தப்பட்டதில்லை. தமிழில் பிறந்த குழந்தைக்கு 'அது'தான் செல்லமான சுட்டு. பெயர் வைத்து, பேச்சு வந்து, தெருவில் இறங்கி ஓடத் தொடங்கும்போது மெல்ல 'அவன்', 'அவள்' ஆகிறது. ஆக, அந்த இரவில் கண் திறந்ததைத் தமிழில் 'அது' என்று எழுதினால், ஒரு ஜடப் பொருள் என்றும் படிக்கலாம், பச்சைக் குழந்தை என்றும் படிக்கலாம். ஆங்கிலத்தில் வலிந்து செய்ய வேண்டியதைத் தமிழ் தானாகவே செய்கிறது.

இது வெறும் இலக்கண விளையாட்டு அல்ல. மேரி பிறந்த சில நாட்களில், 1797-ல், அவர் தாய் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் இறந்தார். 1815-ல் மேரிக்குக் குறைமாதத்தில் பிறந்த முதல் பெண் குழந்தை சில நாட்களிலேயே இறந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, அதன் சாம்பல் வானத்தை மூடியதில் 1816-ல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடந்த நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று பந்தயம் கட்டினார்கள். பைரன் இருந்தார், ஷெல்லி இருந்தார். பதினெட்டு வயது மேரிதான் பந்தயத்தைப் பெரிய நாவலாக எழுதி முடித்தார். அம்மா இல்லாமல் வளர்ந்து, குழந்தையைப் பறிகொடுத்த ஒரு பெண் எழுதிய கதையில், பிறந்த உடனே கைவிடப்பட்ட ஒன்று வருகிறது. இதைப் பிணம், மின்னல், அரக்கன் என்று சுருக்கினால் மிச்சம் என்ன?

சரியாகச் சொல்வது வேறு, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது வேறு. இதற்கு நம்மூர் உதாரணமே இருக்கிறது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அதைப் பற்றிக் கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் 'ரோபோ நாய்க்குட்டி ஜீனோவின் கதை' என்பார்கள். பொய் இல்லை, ஜீனோவை யாரால் மறக்க முடியும்? ஆனால் கதை நாயிடமிருந்து தொடங்கவில்லை. ஜீவா என்ற ஒருவரின் ஆட்சியில், மக்களின் பெயர்கூட இரண்டு எழுத்துக்குள் அடங்க வேண்டிய நாட்டில், குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதி கிடைத்த நிலா என்ற பெண்ணிடமிருந்து தொடங்குகிறது. அந்த நல்ல செய்தியைச் சொல்லக் காத்திருக்கும்போது கணவனைக் காணவில்லை. டீஸர் இத்தோடு நின்றுவிட வேண்டும். ஜீவா யார் என்பது அட்டையில் ஏறக்கூடாது. அதைச் சொன்னவன் சுஜாதாவின் சம்பாத்தியத்தைத் திருடியவன் ஆகிறான். இன்னொரு சங்கடமும் உண்டு. சுஜாதா எதிர்காலமாக வைத்தது இந்த நூற்றாண்டின் இருபதுகளை. 'எதிர்கால இந்தியாவில்' என்று இன்று ஒருவர் அட்டையில் எழுதினால் நாட்காட்டி சிரிக்கும். 'எண்பதுகளில் இருந்து பார்த்த எதிர்காலம்' என்றுதான் எழுத வேண்டும்.

மொழி மாறும்போது டீஸரையும் புதிதாகவே எழுத வேண்டும் என்பதற்கு ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' சாட்சி. 1953-ல் வந்த நாவல். அதில் 'ஃபயர்மேன்' என்பவர்களின் வேலை வீடு புகுந்து புத்தகங்களை எரிப்பது. ஆங்கிலச் சொல்லுக்குள் நெருப்பும் ஆளும் மட்டுமே இருப்பதால் அந்தத் திருப்பம் இயல்பாக நடக்கிறது. தமிழில் 'தீயணைப்பு வீரர்' என்ற சொல்லிலேயே அணைப்பு இருக்கிறது. தெலுங்கின் 'அக்னிமாபக' என்பதும் அணைப்பதைத்தான் சொல்கிறது. 'தீயணைப்பு வீரர் புத்தகம் எரிக்கிறார்' என்று அப்படியே மாற்றினால், படிக்கிறவர் அச்சுப்பிழை என்று நினைப்பார். 'தீயை அணைத்துக்கொண்டிருந்தவர்களின் வேலை தீ வைப்பது என்று மாறிப்போன ஒரு நாட்டில்' என்று ஒரு படி கூடுதலாகக் கட்டினால்தான் தமிழில் விஷயம் பிடிபடும்.

அட்டைகளை இரண்டு லிபியிலும் பிழையில்லாமல் அச்சடிக்கத் திருப்பதியில் ஒரு அச்சகம் கிடைத்தது. சித்தூரிலிருந்து சந்திரகிரி வழியாகப் போகிற பாதையில் மலைத்தொடர் கண்ணில் பட ஆரம்பிக்கும்போது தமிழ் படித்தவனுக்கு ஒரு ஞாபகம் வராமல் இருக்காது. தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு எல்லை சொல்லும்போது, வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் நிறுத்துகிறது. 2022-ல் தனி மாவட்டமாகிவிட்ட திருப்பதியின் மலைதான் அந்த வேங்கடம். இன்றைய மாநில எல்லைக்கு அப்பால் இருக்கிறது, பாயிரத்தில் மட்டும் இடம் மாறாமல் நிற்கிறது.

அந்தப் பாயிரம்தான் தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் பழைய பின்னட்டை வாசகங்களில் சிறந்தது என்று சொல்வேன். பனம்பாரனார் பாடியது. பதினைந்து அடி. நூல் எந்த நிலத்துக்கு உரியது, எதை ஆராய்கிறது, எந்த முன்னோர் நூலைக் கண்டு எழுந்தது, எந்த அவையில் யாருக்கு அதைச் சொல்லிக் காட்டினார்கள், ஆசிரியர் பெயர் என்ன என்பது வரை எல்லாம் அந்தப் பதினைந்து அடிக்குள் இருக்கிறது. புகழ்ச்சியும் உண்டு, ஆனால் தகவலுக்குப் பின்னால் அடக்கமாக வருகிறது.

இதற்கு விதியே வகுத்து வைத்திருக்கிறார் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர். சிறப்புப் பாயிரம் எட்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும்: ஆசிரியர் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்லப்படும் பொருள், யார் கேட்பதற்கு, கேட்டால் என்ன பயன். 'இதுவரை யாரும் எழுதாத மகத்தான படைப்பு' என்பதற்கு இந்த எட்டில் இடமே இல்லை. இன்னொரு விதி இன்னும் அழகு. எவ்வளவு பெரிய நூலைச் செய்தாலும் ஆசிரியன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளக் கூடாது. அவனுடைய ஆசிரியரோ, கூடப் படித்தவரோ, மாணவரோ, தகுந்த உரைகாரரோ பாயிரம் சொல்ல வேண்டும். நூலைப் படித்தவர்கள் மட்டுமே அதைப் பற்றி எழுதலாம் என்பதுதான் இதற்கு அர்த்தம்.

மேரி ஷெல்லிக்கு அமைந்த பாயிரம் இந்த விதிக்கு வேடிக்கையான விலக்கு. 1818 ஜனவரியில் நாவல் ஐந்நூறு பிரதிகள் அச்சாகி மூன்று பாகமாக வெளிவந்தபோது அட்டையில் ஆசிரியர் பெயரே கிடையாது. முன்னுரையை எழுதியவர் கணவர் பெர்ஸி ஷெல்லி. நாவலாசிரியரே பேசுவது போல எழுதினார். விளைவு, வால்டர் ஸ்காட் உட்படப் பலர் நாவலையும் அவர்தான் எழுதினார் என்று நினைத்தார்கள். 1823-ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் மேரியின் பெயர் ஏறியது. படைத்தவன் பெயரைப் படைப்புக்குச் சூட்டிய உலகம், அதற்கு முன்பு படைத்தவளின் பெயரையே இன்னொருவருக்குச் சூட்டியிருந்தது. அதனால் அட்டையில் ஆசிரியர் பெயருக்கு இடம் விட்டே தீர வேண்டும் என்பதில் எங்கள் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

'பழிவாங்க வருகிறான்' என்று போட்டால் விறுவிறுப்பாக இருக்குமே என்றார் நண்பர். கதையில் பழி இருக்கிறது. விக்டரின் தம்பியும் நண்பனும் மனைவியும் சாகிறார்கள். செய்யாத கொலைக்கு ஒரு வேலைக்காரப் பெண் தூக்கில் தொங்குகிறாள். ஆனால் படைக்கப்பட்டவன் ஜெனீவாவை நோக்கிக் கிளம்பியது பழிக்காக அல்ல. தன்னைக் கண்ட மனிதர்களெல்லாம் கல்லெறிந்து துரத்திய பிறகு, தனக்கு ஏதாவது செய்யக் கடமைப்பட்டவன் ஒருவன்தான் என்று நினைத்து, அவனிடம் முறையிடக் கிளம்புகிறான். அதற்குத் தமிழில் ஒரு நல்ல வழக்கு இருக்கிறது: நியாயம் கேட்டு வருவது. பஞ்சாயத்துத் திண்ணையிலிருந்து அப்பன் வீட்டு வாசல் வரை செல்லுபடியாகிற வழக்கு. கடைசியில் அச்சுக்குப் போனது இது:

'விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்ற மாணவன் ஓர் உயிரை உருவாக்குகிறான். அது கண் திறந்ததும் அஞ்சி ஓடிவிடுகிறான். கைவிடப்பட்டவன் மறைந்திருந்து பேசவும் படிக்கவும் கற்று, தன்னை உண்டாக்கியவனைத் தேடி நியாயம் கேட்டு வருகிறான். மேரி ஷெல்லி எழுதி 1818-ல் முதலில் வெளிவந்த நாவல்.'

எண்ணிப் பார்த்தால் முப்பது சொல். இரண்டாவது வாக்கியத்தில் 'அது', மூன்றாவதில் '-அவன்'. ஓடியது யார் என்று வினைமுடிவே காட்டிக்கொடுத்துவிடுகிறது. பிணம் இல்லை, மின்னல் இல்லை, அரக்கன் இல்லை. கொலைகளும் இல்லை, அவற்றைப் படிக்கிறவர் கண்டுகொள்ளட்டும். தெலுங்குப் பக்கத்திலும் இதே வரிசைதான், மூன்றாவது வாக்கியத்தில் 'அதடு' வருகிறது. தெலுங்கில் 'அவசரம்' என்றால் தேவை, நமக்கு அவசரம் என்றால் பரபரப்பு. அச்சகத்துக்காரர் 'அவசரமா?' என்று கேட்டபோது இரண்டு அர்த்தத்திலும் ஆமாம் என்றுதான் சொல்லத் தோன்றியது.

ஒரு நூலக அட்டைக்கு இத்தனை பாடா என்று கேட்கலாம். அந்தப் பெயர் நூலகத்துக்குள் மட்டும் இருந்தால் இத்தனை பாடு தேவையில்லை. 1992-ல் அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் மரபணு மாற்றிய உணவை ஃபிராங்கன்ஸ்டைனின் பெயரோடு ஒட்டி ஒரு சொல் உண்டாக்கினார். அது உலகம் சுற்றியது. இந்தியாவில் பி.டி. கத்தரிக்காய்க்கு 2010 பிப்ரவரியில் மத்திய அரசு தடை போட்டது வரை நடந்த விவாதங்களிலும் அந்தப் பெயர் அடிபட்டது. இப்போது செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசும்போதும் அதே பெயர்தான். எல்லா இடத்திலும் அதற்கு அர்த்தம், 'செய்யக் கூடாததைச் செய்தார்கள், அது திருப்பிக் கடிக்கிறது' என்பது. நாவல் கேட்பது அதையல்ல. செய்தாயே, செய்த பிறகு ஏன் ஓடினாய் என்று கேட்கிறது. முதல் கேள்வி பொருளின் மேல் பழி போடுகிறது. இரண்டாவது, ஆளின் மேல் பொறுப்பு வைக்கிறது. ஆலை கட்டியவர், மருந்து விற்றவர், இயந்திரத்துக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர் எல்லோரும் முதல் கேள்வியைத்தான் விரும்புவார்கள். பழியைப் பூதத்தின் தலையில் போட்டுவிட்டுப் போய்விடலாம் அல்லவா?

வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு பையனையும் நினைத்துக்கொள்ள வேண்டும். முகத்தைப் பார்த்தே மற்றவர்கள் ஒதுக்கும் பையன் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவன் உண்டு. அட்டையில் 'அரக்கன்' என்றிருந்தால், பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு அவனைக் கூப்பிட இன்னொரு பட்டப்பெயர் கிடைக்கும். 'கைவிடப்பட்டவன்' என்றிருந்தால், அவன் அந்தப் புத்தகத்தை எடுக்கலாம்.

எல்லோரும் எடுக்க மாட்டார்கள் என்பதும் தெரிந்ததுதான். நூறு பிள்ளைகள் அலமாரியைக் கடந்து போனால் அட்டையைப் படிக்கிறவர்கள் பலர், புத்தகத்தைத் திறக்கிறவர்கள் சிலர். மற்றவர்களுக்கு அந்த முப்பது சொல்தான் நாவல். அதை வைத்துக்கொண்டே வளர்வார்கள், விவாதிப்பார்கள், ஒருநாள் எதையாவது உருவாக்கவும் செய்வார்கள். புத்தகத்தைத் திறக்காமலே போகிறவனிடமும் பொய் சொல்லாமல் இருப்பது, அட்டை எழுதுகிறவன் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.